ஷி கில்ஸ் மான்ஸ்டர்ஸ்: கம்யூனிட்டி தியேட்டரில் மேடையேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து தலை டிராகனை எப்படிச் செய்வது? இந்த நாடகத்தைக் கையில் எடுக்கும் குழுவில் முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். பணம், ஆள், நேரம் எல்லாம் அதன் பின்னால் ஓடும். என் கருத்தில் அதற்கு முன்பே முடிவு செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது: கதையில் விளையாட்டு நடக்கும் மேசையை எங்கே போடுவது? இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகும். மேசை முதலில், டிராகன் அப்புறம்.

குவி நுயென் எழுதிய இந்த நாடகம் 2011இல் நியூயார்க்கின் ஃப்ளீ தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியது. கதை நடப்பது 1995இல், ஒஹாயோ மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில். ஆக்னஸ் எவன்ஸ் எந்த விசேஷமும் இல்லாத சாதாரணப் பெண். ஒரு கார் விபத்தில் அவளுடைய பெற்றோரும் தங்கை டில்லியும் இறந்துபோகிறார்கள். தங்கையின் பொருட்களுக்கு நடுவே ஆக்னஸுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக டில்லி தானே எழுதி வைத்திருந்த சாகசக் கதை அது. அக்காவுக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்கையைப் பற்றியும் அவ்வளவாகத் தெரியாது என்பது போகப்போகத்தான் புரிகிறது. விளையாட்டை நடத்தத் தெரிந்த சக் என்ற பள்ளிப் பையனைத் தேடிப் பிடித்து, அவனோடு உட்கார்ந்து அந்தக் கதையை விளையாடத் தொடங்குகிறாள். அந்தக் கற்பனை உலகத்தில் டில்லி வாளேந்திய வீராங்கனையாக நிற்கிறாள்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி தியேட்டர் என்றால் பகலில் பல் மருத்துவராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருப்பவர்கள் சாயங்காலம் கூடி நாடகம் போடுகிற இடம். சம்பளம் கிடையாது, செட் ஆணியும் அவர்களே அடிப்பார்கள். அங்கே குடியேறிய தமிழர்களில் சிலர் தங்கள் ஊர்க் குழுக்களில் நடிக்கிறார்கள், விளக்கு இயக்குகிறார்கள். அப்படி ஒருவர் இந்த நாடகத்தை இயக்கவோ தயாரிக்கவோ முன்வந்தால் அவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கதையின் திருப்பங்களை மறைக்காமல்தான் பேசப்போகிறேன். நாடகத்தைப் பார்க்க மட்டும் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: எந்தப் பிரதி, யாரிடம் அனுமதி

நாடகத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவது மூலப் பிரதி: பெரியவர்களுக்கானது, வசைச் சொற்களும் பாலியல் கேலியும் தாராளமாக வரும். இரண்டாவது, இளம் நடிகர்களுக்காக மொழியை மென்மையாக்கிய யங் அட்வென்ச்சரர்ஸ் பதிப்பு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இந்த நாடகம் அவ்வளவு பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மூன்றாவது, கோவிட் காலத்தில் 2020இல் இணையவழி நிகழ்த்துவதற்காக வந்த வர்ச்சுவல் ரெல்ம்ஸ். பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் நடிக்கிறார்கள், பார்வையாளர்களும் பெரியவர்கள் என்றால் மூலத்தை எடுங்கள். நடிகர்களில் ஒருவர் பதினைந்து வயதுப் பிள்ளை என்றாலும் இரண்டாவதே நல்லது.

உரிமை கன்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய சாமுவேல் ஃபிரெஞ்ச் பதிப்பகம் இன்று அதன் ஒரு பகுதி. அரங்கில் எத்தனை இருக்கை, டிக்கெட் விலை என்ன, எத்தனை காட்சி, எந்தெந்தத் தேதி ஆகியவற்றைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை போஸ்டர் அடிக்காதீர்கள், ஆடிஷன் தேதியும் அறிவிக்காதீர்கள்.

அனுமதி வந்தபின்னும் பிரதியில் கைவைக்க முடியாது. ஒரு வசை சொல்லை எடுப்பதானாலும், ஒரு பாத்திரத்தின் பாலினத்தை மாற்றுவதானாலும் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். காட்சியை வீடியோ எடுப்பதற்கு வேறு அனுமதி. சித்தி சித்தப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று ஃபோனில் எடுப்பதும் இதில் சேரும். விளையாட்டின் லோகோவையும் விதிப் புத்தக ஓவியங்களையும் எடுத்து உங்கள் போஸ்டரில் ஒட்டாதீர்கள். அவை இன்று அந்த விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் சொத்து. நாடக உரிமையோடு சேர்ந்து வருபவை அல்ல.

படி 2: எல்லோரும் ஒருமுறை விளையாடுங்கள்

இதைத் தவிர்க்கும் குழு நாடகத்தின் பாதியை இழந்துவிடும். நடிகர் தேர்வு முடிந்த முதல் வாரத்தில் ஒரு முழு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். இயக்குநரும் ஸ்டேஜ் மேனேஜரும் உட்பட எல்லோரும் உட்கார வேண்டும்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. ஒருவர் டஞ்சன் மாஸ்டர். அவர் ஒரு சூழ்நிலையை வாயால் விவரிக்கிறார்: இருட்டுக் குகை, எதிரே ஒரு கதவு, உள்ளே யாரோ உறுமுகிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். முடிவு உறுதியாகத் தெரியாத இடங்களில் இருபது முகப் பகடையை உருட்டுகிறார்கள். பலம், லாகவம், உடல் உறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள் எண்களாக எழுதப்பட்டிருக்கும். பகடையில் விழுவது, இந்த எண்கள், டஞ்சன் மாஸ்டரின் தீர்ப்பு, மூன்றும் சேர்ந்து கதையை நகர்த்துகின்றன. பலகையில் காயை நகர்த்தி ஜெயிக்கிற விளையாட்டு இல்லை இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பேசிப்பேசியே ஒரு கதையைக் கட்டுகிறார்கள்.

வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது பாத்திரங்களின் நடத்தையை விளக்குகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவிலிருந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் முதலில் அச்சடித்தது 1000 பிரதிகள்தான். 1980களில் அமெரிக்காவில் ஒரு பீதி கிளம்பியது: இந்த விளையாட்டு பிள்ளைகளைப் பிசாசு வழிபாட்டில் தள்ளுகிறது, தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று பெற்றோர் அமைப்புகளும் சில தேவாலயங்களும் பிரசாரம் செய்தன. அந்த நெருக்கடிக்குப் பிறகு 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பேய், சாத்தான் என்ற சொற்களையே விதிப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. 1995இல் ஒரு சிறிய ஊரில் இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகள் என்றால், அவர்களைப் பற்றி ஊரார் என்ன நினைத்திருப்பார்கள் என்று புரிகிறதா?

இதிலிருந்து மேடைப் பொருளுக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. டில்லியின் கதையில் பேய்களின் அரசி வருகிறாள், ஆர்கஸ் என்ற பேய்ப் பிரபு வருகிறான். 1995இல் கடையில் கிடைத்த அடிப்படைப் புத்தகங்களில் இவர்களுக்கு இடமில்லை. ஆர்கஸும் ஐந்து தலை டிராகனான தியாமத்தும் இருப்பது மான்ஸ்டர் மேனுவல் என்ற, அரக்கர்களைத் தொகுத்த 1977ஆம் ஆண்டின் புத்தகத்தில். அப்படியானால் டில்லியின் அலமாரியில் யாரிடமிருந்தோ வாங்கிய, முனை மடங்கிய பழைய புத்தகம் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். பார்வையாளர்களில் இந்த விளையாட்டில் ஊறியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பை மேசைமேல் வைத்தால் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் ஆட்ட மாலைக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். இப்படிப் பாத்திரமேற்று ஆடும் இன்றைய ரோல்பிளே மேசைகளில் எக்ஸ் கார்டு என்று ஒன்று வைப்பார்கள்: எக்ஸ் எழுதிய ஒரு சாதாரண அட்டை. கதை யாருக்காவது தாங்கமுடியாத இடத்துக்குப் போனால் அவர் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் மற்றவர்கள் அந்தப் பகுதியை விட்டு நகர்ந்துவிடுவார்கள். இதை ஒத்திகைக் கூடத்துக்கும் கொண்டுபோங்கள். அங்கே இதன் தேவை இன்னும் அதிகம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படி 3: யார் பேசுகிறார்கள் என்று வரைபடம் போடுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரதியை வாசிக்கும் நாட்களில் மூன்று வண்ணப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ வாழ்க்கையில் நடக்கும் காட்சிகளுக்கு ஒரு வண்ணம். கற்பனை உலகத்துக்கு இன்னொன்று. ஒரே காட்சிக்குள் இரண்டும் கலக்கும் இடங்களுக்கு மூன்றாவது. இந்த மூன்றாவது வண்ணத்தில்தான் நாடகமே இருக்கிறது.

ஏன்? டில்லி இறந்துவிட்டாள். மேடையில் நாம் பார்க்கும் டில்லி ஆவியும் இல்லை, நினைவுக் காட்சியும் இல்லை. அவள் உயிரோடு இருந்தபோது தன்னைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைத்த பாத்திரம். அதற்குக் குரல் கொடுப்பவன் சக். ஆக்னஸ் தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் எங்கிருந்து வருகிறது? நோட்டில் எழுதியிருந்தால் டில்லியிடமிருந்து. எழுதாத இடங்களில், டில்லியைத் தன் வழியில் அறிந்திருந்த ஒரு பள்ளிப் பையனின் ஊகத்திலிருந்து. டில்லியாக நடிப்பவரும் சக்காக நடிப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து, டில்லியின் ஒவ்வொரு வரிக்கும் அது எழுதியதா, சக்கின் ஊகமா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிரதி இதைச் சொல்லாது. நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பார்வையாளர்களுக்கு இந்த முடிவுகள் வெளிப்படையாகத் தெரியவேண்டியதில்லை. ஆனால் டில்லி சிலநேரம் சட்டென்று பதில் சொல்வதும் சிலநேரம் ஒரு நொடி தயங்குவதும் இந்தக் குறிப்புகளிலிருந்து தானாக வரும்.

தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு சக்கின் இடம் எளிதில் பிடிபடும். கட்டியக்காரன் போல அவன் கதைக்கு உள்ளேயும் நிற்கிறான், வெளியேயும் நிற்கிறான், நடுவே கிண்டலும் அடிக்கிறான். ஆனால் சக்குக்கும் ஒரு இழப்பு இருக்கிறது. அவனும் ஒரு தோழியைப் பறிகொடுத்தவன். அவனைக் கோமாளியாக மட்டும் நடத்தும் தயாரிப்புகள் இதைத் தவறவிடுகின்றன.

இப்போது மேசை எங்கே என்ற கேள்விக்கு வரலாம். என் பரிந்துரை: பார்வையாளருக்கு அருகில், மேடையின் ஒரு ஓரத்தில், நாடகம் முடியும்வரை அகற்றாமல். நடு மேடையில் போர் நடந்துகொண்டிருக்கும்போதும் சக்கின் மீது ஒரு சிறிய வெளிச்சம் இருக்கட்டும். அவன் பக்கம் புரட்டுவதும் பகடை உருட்டுவதும் ஓரக்கண்ணில் தெரிய வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் மேசையை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் ஏற்பாடு நேரத்தையும் தின்னும், அர்த்தத்தையும் தின்னும்.

படி 4: நடிகர் தேர்வு

ஆக்னஸ் ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் இருக்கிறாள். நகைச்சுவை, சண்டை, அழுகை மூன்றும் அவளுக்கு உண்டு, மூச்சு வாங்க இடமில்லை. ஆடிஷனில் அழும் காட்சியைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். எரிச்சலோடு இருக்கும் காட்சியைக் கொடுங்கள். எரிச்சலை நம்பும்படி நடிக்கத் தெரிந்தவருக்கு மற்றது வரும். உடல் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். நுரை வாளானாலும் ஒன்றரை மணி நேரம் சுழற்றுவது லேசான வேலை இல்லை.

கற்பனை உலகத்தின் பெரிய வீரர்கள் டில்லியின் நிஜ நண்பர்களை வைத்து உருவானவர்கள். நளினமாக, வேகமாகச் சண்டையிடும் இருள் எல்ஃப் (கற்பனைக் கதைகளில் வரும் மனிதர் போன்ற ஓர் இனம்) கேலியோபி நிஜத்தில் கெல்லி என்ற மாற்றுத்திறனாளிப் பெண். யாருக்கும் அஞ்சாத பேய் அரசி லிலித், நிஜத்தில் லில்லி: தன் பாலீர்ப்பை வெளியே சொல்லப் பயந்து வாழும் மாணவி. ஆர்கஸ் நிஜத்தில் ரானி. டில்லி தன் நண்பர்களுக்கு வேறொரு உடலும் தைரியமும் கொடுத்திருக்கிறாள். கெல்லியின் வேடத்துக்கு மாற்றுத்திறனாளி நடிகர்களை ஆடிஷனுக்கு வெளிப்படையாக அழையுங்கள். சண்டையை அவருடைய உடல் அசைவுக்கு ஏற்ப அமைக்கலாம். அப்படி அமைக்க முடியாத சண்டையே கிடையாது. அரங்கின் பின்வாசலில் படி மட்டும்தான் இருக்கிறதா என்பதை மட்டும் அழைப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சிறிய வேடங்களை ஒருவரே பலவாக ஏற்கலாம். அடிக்கடி செத்துப்போகும் மந்திரவாதி ஸ்டீவ் ஒரு தொடர் நகைச்சுவை. அதற்கு விழுந்து எழத் தெரிந்தவர் தேவை. டில்லியைப் பள்ளியில் கேலி செய்த சியர்லீடர் பெண்களே அவள் கதையில் அரக்கிகளாக வருகிறார்கள், அவர்களை வெறும் வேடிக்கையாக்கிவிடாதீர்கள். டில்லியின் கதையில் ஆக்னஸின் காதலன் மைல்ஸும் எதிரியாக வருகிறான். தங்கைக்கு அக்காமேல் இருந்த கோபம் அதில் தெரிகிறது.

படி 5: நாட்காட்டி

வேலைக்குப் போகிறவர்களை வைத்து எட்டு வாரம் என்பது நியாயமான கணக்கு. வாரத்தில் மூன்று மாலை, சனிக்கிழமை ஒரு நீண்ட அமர்வு. முதல் வாரம் ஆட்டமும் வாசிப்பும். இரண்டாம் வாரத்திலேயே சண்டைப் பயிற்சி தொடங்கிவிட வேண்டும்; ஒத்திகை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கே ஒதுக்குங்கள். வசனம் மனப்பாடம் ஆன பிறகு சண்டையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கடைசி வாரத்தில் யாருக்காவது விரல் முறியும்.

படி 6: சண்டைகள்

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை இது. பயிற்சி பெற்ற ஒரு சண்டை வடிவமைப்பாளரை அழையுங்கள். 1977இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் அமெரிக்கன் ஃபைட் டைரக்டர்ஸ் அமைப்பு ஆட்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. பக்கத்துப் பல்கலைக்கழக நாடகத் துறையில் கேட்டாலும் ஆள் கிடைக்கலாம். பட்ஜெட்டில் முதலில் ஒதுக்கவேண்டிய சம்பளம் இவருடையது. எல்லோரும் இலவசமாக உழைக்கும் குழுவிலும் இவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

அவர் வந்ததும் சொல்லிக்கொடுக்கும் அடிப்படைகள் இவை. கையை முழுதாக நீட்டினாலும் வாள் முனை எதிராளியைத் தொடாத தூரத்தில் நிற்பது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கண்ணோடு கண் பார்ப்பது. உடலைக் குறிவைக்காமல் அதன் பக்கவாட்டுக் காற்றைக் குறிவைப்பது. முடியைப் பிடித்து இழுப்பது, கழுத்தை நெரிப்பது போன்றவற்றில் அசைவு முழுக்கத் தாக்கப்படுபவர் கையில் இருப்பது. இழுப்பதாகத் தெரிபவர் உண்மையில் இழுப்பதே இல்லை. முதலில் மிக மெதுவாக, பிறகு அரை வேகம், பிறகு முக்கால். பார்ப்பவருக்கு முழு வேகமாகத் தெரிவது நடிகருக்கு எப்போதும் முக்கால்தான்.

நடிகர்களில் ஒருவரை ஃபைட் கேப்டனாக வையுங்கள். வடிவமைப்பாளர் போன பிறகு ஒரு வீச்சுகூட மாறாமல் பார்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், அரங்கைத் திறப்பதற்கு முன்பு, எல்லாச் சண்டையையும் ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்தாவது காட்சியானாலும் இதற்கு விடுமுறை இல்லை.

சண்டைக்கும் கதை உண்டு. முதல் சண்டையில் ஆக்னஸ் வாளைப் பிடிக்கும் விதத்திலேயே அவளுக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிய வேண்டும். நடுவில் அவளுக்கு ஆட்டம் பிடித்துப்போகிறது, அங்கே முதன்முதலாகச் சிரித்தபடி வெட்டட்டும். பிறகு கோபம் வருகிறது. கடைசியில் தியாமத்தோடு மோதும்போது அவள் யாரோடு சண்டை போடுகிறாள் என்று நடிப்பவருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். எல்லாச் சண்டையும் ஒரே வேகத்தில், ஒரே பாட்டு ஒலிக்க நடந்தால் மூன்றாவதிலேயே அலுப்புத் தட்டும்.

படி 7: ஆயுதங்கள், அரக்கர்கள், கடைசியில் டிராகன்

ஆயுதங்களுக்கும் கவசத்துக்கும் ஈ.வி.ஏ. நுரைத் தகடு வாங்குங்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் விரிக்கிற, ஒன்றோடொன்று கோர்க்கும் பாய்களும் இதே பொருள்தான்; பழையவை யாரிடமாவது சும்மா கிடைக்கும். கத்தியால் வெட்டி, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் சூடாக்கினால் வளையும், அப்படியே நிற்கும். கான்டாக்ட் சிமென்ட் என்னும் பசையை இரண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் உலரவிட்டு ஒட்ட வேண்டும். அந்தப் பசையின் ஆவி மூளைக்கும் நுரையீரலுக்கும் கேடு, தீயும் பிடிக்கும். திறந்த வெளியில், ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டுச் செய்யுங்கள்; சர்ஜிகல் மாஸ்க் இதற்கு உதவாது.

நுரை வாளில் ஒரு சிக்கல்: சத்தம் வராது. ஒலிபெருக்கியில் உலோகச் சத்தம் போட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் நேரம் பொருந்த வேண்டும், தன்னார்வலர் ஒருவரை நம்பி அதைச் செய்வது கஷ்டம். எனக்குப் பிடித்த வழி வேறு. மேசையில் உட்கார்ந்திருக்கும் சக்கே வாயால் சத்தம் கொடுக்கட்டும், பகடைக் கிண்ணத்தைத் தட்டட்டும். நிஜமாகவே மேசைகளில் அப்படித்தான் செய்வார்கள். செலவும் இல்லை, இந்த உலகம் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதும் மறக்காது.

சின்ன அரக்கர்களுக்குக் கைவினை தெரிவதே அழகு. ஜெலட்டினஸ் கியூப் என்பது தன் வழியில் வருவதையெல்லாம் விழுங்கிக்கொண்டு நகரும் பெரிய கூழ்க் கட்டி. இலேசான சட்டகத்தில் பச்சை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உள்ளே ஒருவர் நடந்தால் போதும், அரங்கம் கைதட்டும். இவை ஒரு பள்ளிப் பெண்ணின் நோட்டில் பிறந்தவை என்று தோன்றுவதே சரி.

சரி, தியாமத். வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு என்று ஐந்து தலை. விளையாட்டில் அவை வரிசையாகப் பனி, அமிலம், விஷக்காற்று, மின்னல், நெருப்பு கக்கும். வாடகைக்குப் பெரிய பொம்மை எடுக்கும் குழுக்கள் உண்டு. காசு இல்லையென்றால் ஐந்து நடிகர்கள், ஆளுக்கொரு தலை. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட குழாயின் முனையில், தாடையை இழுக்க ஒரு கயிறு, கழுத்துக்கு நீண்ட துணி. கை உயர்த்திப் பிடிக்கும் பொருளின் எடை பிடித்த முதல் நிமிடத்தில் தெரியாது. நான்காவது நிமிடத்தில் தெரியும். அதனால் தலையைச் செய்து முடிப்பதற்கு முன்பே, அதே எடைக்கு ஒரு பையைக் கட்டி அந்தக் காட்சியை முழுதாக ஒத்திகை பாருங்கள். மேடை சிறியதென்றால் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து நிழலாகக் காட்டலாம். எந்த வழியானாலும் ஒரு நிபந்தனை: டிராகன் சக்கின் மேசையை மறைக்கக் கூடாது.

படி 8: ஒலி, விளக்கு, புகை

1990களின் பாடல்களைப் போட ஆசை வரும். நாடக உரிமையில் அவை அடங்காது. பிரபலமான பாடல் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். ஊரில் இசை தெரிந்த யாராவது அந்தக் காலத்து கிட்டார் பாணியில் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் வேலை சுலபம். புகை இயந்திரம் என்றால் தீ அபாயமணி அடிக்குமா என்று கட்டட நிர்வாகியோடு சேர்ந்து முன்பே சோதியுங்கள். புகையும் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கும் இருக்கின்றன என்று வாசலில் எழுதி வையுங்கள். ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 9: துக்கத்தோடு வேலை செய்வது

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் முன்வைத்த ஐந்து நிலைகளை வைத்து ஆக்னஸின் பாத்திரத்தைக் கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. வேண்டாம். அவர் அதை உருவாக்கியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. துக்கப்படுகிறவர்கள் அந்தப் படிகளில் வரிசையாக ஏறுவதில்லை. இந்த நாடகத்துக்குப் பொருந்துவது இன்னொரு பார்வை. 1990களின் நடுவில் இழப்பை ஆராய்ந்த சிலர், இறந்தவரை மறந்து முன்னே போவதுதான் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை மறுத்தார்கள். இறந்தவரோடு உறவு தொடர்கிறது, உருமாறித் தொடர்கிறது என்றார்கள். ஆக்னஸுக்கு நேர்வது அதுதான். சொல்லப்போனால் டில்லி இருந்தபோது அவர்களுக்குள் பெரிய உறவே இல்லை. அவள் போன பிறகுதான் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள்.

ஒத்திகையில் இதன் பொருள்: ஆக்னஸை அழவைக்க அவசரப்படாதீர்கள். தங்கை லெஸ்பியன் என்பதை ஒரு விளையாட்டின் மூலம் தெரிந்துகொள்ளும்போது அவளுக்கு வருவது அழுகை இல்லை, எனக்கு ஏன் தெரியவில்லை என்ற அவமானம். நகைச்சுவை இருக்கும் இடங்களில் முழு வேகத்தில் போங்கள். சோகக் காட்சி வருகிறது என்று முன்பே மெதுவாக்கினால் பார்வையாளர்கள் தயாராகிவிடுவார்கள். தயாரானவர்களைத் தொடுவது கஷ்டம்.

இனி நடிகர்களின் நலன். இருபது பேர் கொண்ட குழுவில் கூடப்பிறந்தவரை இழந்தவர் ஒருவராவது இருக்கக்கூடும். யார் என்று கேட்காதீர்கள். முதல் வாரத்திலேயே பிரதியில் எதெல்லாம் வருகிறது என்று பட்டியல் கொடுங்கள்: குடும்பத்தின் மரணம், பள்ளிக் கொடுமை, தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொற்கள், முத்தம். இழிசொற்களைச் சொல்பவரும் கேட்பவரும் ஒத்திகைக்கு முன்னும் பின்னும் நேருக்கு நேர் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும். முத்தத்தையும் சண்டை மாதிரியே அசைவு அசைவாக முடிவு செய்யுங்கள். நெருக்கமான காட்சிகளைப் பாதுகாப்பாக அமைத்துக்கொடுக்கும் இன்டிமசி டைரக்டர் கிடைத்தால் மிக நல்லது. கனமான காட்சிக்குப் பிறகு பத்து நிமிடம் விட்டு, உடையை மாற்றி, சும்மா உட்கார்ந்து, அப்புறம் வீட்டுக்கு அனுப்புங்கள். எக்ஸ் கார்டு இங்கேயும் மேசைமேல் இருக்கட்டும். இயக்குநருக்கும் அதைத் தொட உரிமை உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

படி 10: அரங்கேற்ற வாரம், அதற்குப் பின்

உள்ளூர் கேம் கடைக்காரர்களை அழையுங்கள். காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வரவேற்புக் கூடத்தில் இரண்டு மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க அவர்கள் சந்தோஷமாக வருவார்கள். விளையாட்டுக்காரர்கள் பலர் நாடகமே பார்க்காதவர்கள். நாடக ரசிகர்கள் பலர் பகடையைத் தொடாதவர்கள். டிக்கெட் விற்பனைக்கும் இது உதவும்.

விளக்கு, ஒலி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் டெக் ஒத்திகையில் பகடையைச் சோதிக்க மறக்காதீர்கள். சிறிய பகடை உருண்டு இருக்கைகளுக்கு அடியில் போனால் தேடி முடியாது. விளிம்புள்ள தட்டில், நுரையில் செய்த பெரிய பகடை நல்லது. டில்லியின் நோட்டுக்கு இரண்டு பிரதி செய்துவையுங்கள். முதல் பக்கங்களிலாவது கையெழுத்தில் உண்மையாகக் கதை எழுதியிருக்கட்டும், நடிப்பவர் வாசிக்கும்போது முகத்தில் வித்தியாசம் தெரியும்.

காட்சிகள் முடிந்ததும் உரிமையாளர்கள் கேட்கும் கணக்கு எதுவானாலும் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். அடுத்த நாடகத்துக்கும் அதே நிறுவனத்திடம் போக வேண்டியிருக்கலாம். நுரை ஆயுதங்களை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டுவைக்காதீர்கள், பசை இளகி எல்லாம் பிரிந்துவிடும். டிராகன் தலைகளை யார் வீட்டில் வைப்பது என்பதைச் செட் பிரிக்கும் நாளுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி ஏதாவது இதே நாடகத்தைப் போடுகிறது என்றால் அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.